குழந்தையின் அறைக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்? நிறத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்!

பெயின்ட் கடையில் ஷேட் கார்டை விரித்ததுமே பேச்சு நிறத்துக்குப் போய்விடும். "எனக்கு பிங்க்", "எனக்கு ப்ளூ" என்று பிள்ளைகள் ஒரு பக்கம். "சீக்கிரம் அழுக்காகாத கலரா பாருங்க" என்று அம்மா ஒரு பக்கம். "நல்ல கம்பெனி சரக்கா போட்டுடலாம் சார்" என்று பெயின்டர் ஒரு பக்கம்.

ஆனால் நிறம் என்பது கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சுவர் உள்ளே காய்ந்திருக்கிறதா? அதன்மேல் ஏற்கெனவே இருக்கும் பெயின்ட் என்ன? குழந்தையின் கை எந்த உயரம் வரை எட்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் அடித்தால் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் ஒரே மழைக்காலத்தில் பொரிந்து உதிரும். சில வீடுகளில் குழந்தையின் உடல்நலத்துக்கே அது சிக்கலாகலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சுவரில் ஓதம் இருக்கிறதா?

சுவர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருந்தால், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது ஓதம். பாத்ரூமை ஒட்டிய சுவர், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை, மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவர், தரையை ஒட்டிய ஒன்றிரண்டு அடி - இந்த நான்கு இடங்களை முதலில் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகமா? ஒரு எளிய சோதனை இருக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றில்தான் ஈரப்பதம் அதிகம். ஜன்னலைத் திறந்து வைப்பதும், ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடாமல் இருப்பதும் அதற்கு உதவும்.

ஈரம் சுவரிலிருந்து வந்தால் முதலில் கூப்பிட வேண்டியது பிளம்பரை அல்லது கொத்தனாரை. குழாய்க் கசிவு, மாடித் தள விரிசல், வெளிச்சுவர் விரிசல் எதுவென்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் பெயின்டருக்கு வேலை. ஓதத்தின் மேல் அடிக்கும் எந்தப் பெயின்டும் நிற்காது. பூஞ்சையைத் தடுக்கும் பெயின்டுகூட கசிவை நிறுத்தாது.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஈரமும் பூஞ்சையும் இருக்கும் வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சிரைப்பு, இருமல், ஆஸ்துமா தொந்தரவு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. குழந்தை இரவெல்லாம் தூங்கும் அறை என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புதிதாகக் கட்டிய வீடா? சிமென்ட் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாளாவது சுவரை ஆற விடுங்கள். கிரகப்பிரவேசத் தேதிக்காக அவசரப்பட்டால், உள்ளே இருக்கும் ஈரமும் சிமென்டின் காரமும் பெயின்டைக் கெடுத்துவிடும்.

2. பழைய பெயின்டில் என்ன ஆபத்து?

பலரும் கவனிக்காத விஷயம் இதுதான்: காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது வேறு. இங்கே சொல்வது 'லெட்' எனப்படும் காரீயம்.

பெயின்டுக்குப் பளிச்சென்ற நிறம் வரவும், சீக்கிரம் உலரவும் காரீயச் சேர்மங்களைக் கலப்பது முன்பு சாதாரணமாக இருந்தது. குறிப்பாக ஆயில் பெயின்ட் என்று நாம் சொல்லும் எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அடர் நிறங்களில். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷனில் இந்தப் பிரச்சினை குறைவு. அதனால் பழைய வீட்டில் சுவரைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஜன்னல் கம்பி, கதவு, ஜன்னல் சட்டம், பழைய இரும்புக் கட்டில் ஆகியவற்றைத்தான்.

இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்டில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு கிலோ பெயின்டில் 90 மில்லிகிராம். அதற்கு முன்னால் பெயின்ட் அடித்த வீடு என்றால், அடியில் இருக்கும் பூச்சில் காரீயம் இருக்கலாம் என்று நினைத்தே வேலையைத் தொடங்குவது நல்லது.

குழந்தைக்கு ஏன் ஆபத்து? உடலில் காரீயம் எவ்வளவு இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய் வழியாகப் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அது எலும்பிலும் பல்லிலும் தங்கும். மூளை வளர்ச்சி, கவனம், படிப்புத் திறன் எல்லாவற்றையும் பாதிக்கும். அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாவது கடினம்.

பெயின்டை எடுத்துத் தின்றால்தான் பிரச்சினை என்று இல்லை. உதிர்ந்த தூசி தரையில் விழும், தரையில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். அவ்வளவுதான்.

சுரண்டலாமா, மேலேயே அடிக்கலாமா?

பழைய பெயின்ட் உதிராமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுரண்டி எடுப்பதைவிட மேலே ப்ரைமர் போட்டு அடிப்பதே பாதுகாப்பு. ஜன்னல் கதவு ஒன்றோடொன்று உரசும் விளிம்புகள் மட்டும் விதிவிலக்கு. திறந்து மூடும்போதெல்லாம் அங்கே தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

உதிரும் பெயின்டைச் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

- வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம். முடிந்தால் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும்.
- உப்புத்தாள் போடும் முன் இடத்தைத் தண்ணீரால் நனைக்கச் சொல்லுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பறக்கும்.
- தீயால் பொசுக்கி எடுப்பது கூடவே கூடாது. காரீயம் புகையாக மாறும்.
- தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். கடைசியில் அதை அப்படியே சுருட்டி எடுங்கள்.
- துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள்.
- பெயின்டரும் முகக்கவசம் போட வேண்டும், சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். வேலை உடையோடு தூசியும் வீட்டுக்குப் போகும்.

குழந்தை சுவரைச் சுரண்டித் தின்கிறதா?

"சுண்ணாம்பு சத்து கம்மியா இருக்கு, அதான் தின்னுது" என்று வீட்டில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். மண், சுவர்ப் பூச்சு போன்றவற்றைத் தின்னும் பழக்கத்துக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பழைய பெயின்ட் உதிர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பரிசோதிக்க அவர் சொல்வார்.

3. சுவருக்கு எதை அடிக்கலாம்?

இனி பூச்சுக்கு வருவோம். சந்தையில் இருப்பவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

சுண்ணாம்பு: விலை குறைவு. சுவர் மூச்சு விடும். அதன் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் வராது. ஆனால் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், துடைத்தால் கரையும். அடிக்கும்போது கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். பழைய சுண்ணாம்பின் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் தகடு தகடாக உரிந்து வரும். நன்றாகச் சுரண்டி, ப்ரைமர் போட்ட பிறகே அடிக்க வேண்டும்.

டிஸ்டெம்பர்: சுண்ணாம்பைவிட ஒரு படி மேல். பார்க்க நன்றாக இருக்கும், பட்ஜெட்டுக்கும் கட்டுப்படியாகும். ஆனால் தேய்த்துக் கழுவ முடியாது. கிரேயான் கோட்டை அழிக்கப் போனால் கோட்டோடு நிறமும் வந்துவிடும். சிறு குழந்தை இருக்கும் அறையில் கீழ்ப்பகுதிக்குப் பொருந்தாது. சீலிங்குக்குத் தாராளமாக அடிக்கலாம்.

எமல்ஷன்: குழந்தைகள் அறைக்குப் பெரும்பாலும் சரியான தேர்வு இதுதான். தண்ணீரில் கலப்பதால் நெடி குறைவு, சீக்கிரம் காயும். இதில் எகானமி, பிரீமியம் என்று பல ரகம் உண்டு. கழுவும் தாங்குதிறன்தான் முக்கிய வித்தியாசம். டப்பாவில் 'வாஷபிள்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எனாமல்: நன்றாகத் துடைக்கலாம். ஆனால் டர்பென்டைன் நெடி கடுமையாக இருக்கும், நாள்பட மஞ்சளாகும், சுவரின் ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிடும். படுக்கையறைச் சுவருக்கு வேண்டாம். கதவுக்கும் கம்பிக்கும் போதும். அதிலும் தண்ணீரில் கலக்கும் எனாமல் இப்போது கிடைக்கிறது. நெடி குறைவு என்பதால் அதைக் கேட்டு வாங்கலாம்.

வால்பேப்பர்: கார்ட்டூன் படம் போட்ட வால்பேப்பர் முதல் நாள் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஒரு ஓரம் லேசாகத் தூக்கினாலே போதும், மீதியைப் பிள்ளைகள் உரித்துவிடுவார்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தால் வெளியே தெரியவே தெரியாது. ஆசை என்றால் ஒரே ஒரு காய்ந்த உள்சுவரில், குழந்தையின் கை எட்டாத உயரத்தில் ஒட்டுங்கள்.

பிவிசி பேனல்: "ஓதம் தெரியாம மறைச்சுடலாம்" என்று சொல்லி விற்பார்கள். மறையும், ஆனால் சரியாகாது. பேனலுக்குப் பின்னால் பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும். தீப்பிடித்தால் பிவிசி நச்சுப் புகை விடும். தூங்கும் அறைக்கு இது தேவையில்லை.

டெக்ஸ்சர் பெயின்ட்: சொரசொரப்பான பள்ளங்களில் தூசி சேரும். துடைப்பது கஷ்டம். ஓடி விளையாடும் பிள்ளை உரசினால் முழங்கை சிராய்க்கும். ஹாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4 அடி கணக்கு: செலவைக் குறைக்கும் வழி

பழைய அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரிச் சுவர்களைக் கவனித்திருப்பீர்கள். கீழே நான்கைந்து அடிக்கு அடர் நிறத்தில் ஆயில் பெயின்ட், மேலே வெளிர் நிறம். கையும் தோளும் முதுகும் படும் இடத்தில் மட்டும் உறுதியான பூச்சு போதும் என்ற எளிய கணக்குதான் அது. அதையே வீட்டிலும் செய்யலாம். ஆயில் பெயின்டுக்குப் பதில் கழுவக்கூடிய பிரீமியம் எமல்ஷன்.

10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் 400 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 363. இதில் தரையிலிருந்து 4 அடி உயரம் வரை சுமார் 145 சதுர அடிதான். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 60 சதுர அடி வரும் என்று கணக்கிட்டால், கீழ்ப்பகுதிக்கு இரண்டரை லிட்டர் பிரீமியம் போதும். மேல்பகுதிக்கு நாலு லிட்டர் எகானமி ரகம். மொத்த அறைக்கும் விலை உயர்ந்ததை வாங்க வேண்டிய அவசியமில்லை. பிராண்டைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் டப்பாவில் இருக்கும் சதுர அடிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ரகம் சந்திக்கும் இடத்தில் பளபளப்பு வித்தியாசம் தெரியும். அதற்காகத்தான் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். நடுவில் இரண்டு விரல்கடை பார்டர் ஒன்று இழுத்தால் அதுவே அழகு.

கட்டிலை ஒட்டிய சுவரில் மட்டும் இந்த 4 அடி போதாது. கட்டில் மேல் ஏறி நின்றால் கை இன்னும் மேலே போகும். அங்கே 6 அடி வரை கழுவக்கூடிய பெயின்டே இருக்கட்டும். எண்ணெய் தடவிய தலை சாயும் இடமும் அதுதான். எந்தப் பெயின்டிலும் எண்ணெய்க் கறை லேசில் போகாது. ஒரு பலகையோ பாயோ மாட்டிவிட்டால் சுவர் தப்பிக்கும்.

மேட்டா, பளபளப்பா?

மேட் பூச்சு சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் தேய்த்த இடம் தனியாகத் தெரியும். அதிகப் பளபளப்பு துடைக்க எளிது, ஆனால் பட்டி சரியாகப் பார்க்காத சுவரில் ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 'சாட்டின்' அல்லது 'சாஃப்ட் ஷீன்' ரகம் குழந்தை அறையின் கீழ்ப்பகுதிக்குப் பொருத்தம்.

அடித்த அன்றைக்கே குழந்தை அங்கே தூங்கலாமா?

வேண்டாம். பெயின்ட் காயும்போது அதிலிருந்து வெளியேறும் ஆவிகளைத்தான் 'விஓசி' என்கிறார்கள். கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத்திணறல் வரக் காரணம் இதுதான். விஓசி குறைவான பெயின்ட் வாங்கினாலும், நெடியே இல்லை என்றாலும், சில நாட்கள் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு வையுங்கள். வீசிங் உள்ள குழந்தை என்றால் நெடி முழுவதும் போன பிறகே அந்த அறையில் படுக்க வையுங்கள்.

ஊதுபத்தி ஏற்றினால் வாசனை மாறும், ஆவி போகாது. கூடவே புகையும் சேர்ந்துகொள்ளும். காற்றோட்டம் ஒன்றுதான் வழி.

தொட்டுப் பார்த்தால் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் கழுவும் அளவுக்கு இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை கறை பட்டால் லேசாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

தீபாவளிக்கு முன்னாடி வீட்டை அடிப்பது பலருக்கும் வழக்கம். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்டோபரில்தான். காற்றிலும் சுவரிலும் ஈரம் இருக்கும்போது அடித்தால் கோட்டுக்குக் கோட்டு காயாமல் கொப்புளம் வரும். பொங்கலுக்கு அடிப்பவர்கள் டிசம்பர் மழையில் நனைந்த சுவர் காய்ந்துவிட்டதா என்று பிளாஸ்டிக் ஷீட் சோதனை செய்துவிட்டு அடியுங்கள். பிப்ரவரி முதல் மே வரை பெரும்பாலான ஊர்களில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். பரீட்சை முடிந்த கோடை லீவில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை முடித்தால் இரண்டுக்கும் வசதி.

கிறுக்கினால் எப்படித் துடைப்பது?

பென்சில் கோட்டுக்கு முதலில் ரப்பர். கிரேயானுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மெல்லிய ஸ்பாஞ்ச். வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவும் பெர்மனன்ட் மார்க்கரும் முழுதாகப் போகாது. அந்த இடத்தில் டச்-அப் அடிப்பதே வழி. தின்னர், பிளீச்சிங் பவுடர், இரும்பு நார் எதுவும் வேண்டாம். கறை போவதற்கு முன் பெயின்ட் போய்விடும்.

இன்னொரு வழியும் இருக்கு. "இங்க கிறுக்காதே" என்பதோடு, "இங்க கிறுக்கலாம்" என்று ஒரு இடத்தையும் காட்டிவிடுங்கள். குழந்தையின் கண் மட்டத்தில் ஒரு வெள்ளை போர்டு அல்லது பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முழு அறையையும் அடிக்க ஓனர் சம்மதிக்காவிட்டாலும், உதிரும் இடங்களை மட்டுமாவது சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை கட்டிலையும் விளையாடும் இடத்தையும் உதிரும் சுவர், பழைய ஜன்னல் பக்கத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். தரையையும் ஜன்னல் திண்டையும் ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள். சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் குழந்தையின் கையைக் கழுவிவிடுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது, பலன் பெரிது.

கடையில் இதையெல்லாம் கேளுங்கள்

- டப்பாவில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டவில்லை என்ற வரி இருக்கிறதா? எனாமல் வாங்கும்போது கட்டாயம் பாருங்கள்.
- தயாரித்த மாதம், ஆண்டு, தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா? லேபிள் இல்லாத லூஸ் பெயின்ட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் குழந்தை அறைக்கு வேண்டாம்.
- 'வாஷபிள்' ரகமா? விஓசி குறைவானதா?
- சில டப்பாக்களோடு பெயின்டருக்கான டோக்கன் அல்லது க்யூஆர் கோடு சலுகை வரும். அவர் சொல்லும் ரகத்தை வாங்கும் முன் ஏன் அது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.
- ஷேட் நம்பரை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். அரை லிட்டர் பெயின்டை இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் டச்-அப்புக்கு உதவும்.

இவ்வளவும் முடிந்ததா? இப்போது ஷேட் கார்டைக் குழந்தையின் கையில் கொடுங்கள். பிங்க்கோ ப்ளூவோ, அது அவர்கள் இஷ்டம்.